வில்லனுக்கும் ஒரு கணக்கு உண்டு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறினால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு சார்பில் ஓரிக்கு அங்கே விழா எடுக்கப்படுகிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ஓரி வில்லாற்றல் மிக்கவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன், மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டவன். இந்த மூன்று செய்திகளும் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். மூன்றாவது செய்தியைக் கேட்டவுடன் ஒரு குழந்தையின் மனத்தில் கதையின் பங்கீடு முடிந்துவிடுகிறது. ஓரி நாயகன், காரி வில்லன்.

இந்தப் பங்கீடு சரியா என்ற கேள்வியை எழுப்பும் முன்பு, நம் குழந்தைகள் வில்லன்களை எங்கே கற்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. பாட்டி சொன்ன கதையில் அன்று. கூத்துக் களத்திலும் அன்று. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்க் குழந்தைகளுக்கு நன்மை தீமைகளின் முதல் பாடத்தை நடத்தியவை தொலைக்காட்சியின் அசைவூட்டத் தொடர்கள். அவற்றுள் 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' தொடருக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த வரவேற்பு தனித்தன்மையானது. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து பருவங்களாக 95 பகுதிகள் ஒளிபரப்பான இத்தொடர், 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று முப்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் பலருக்கு அதன் பாத்திரங்கள் உறவினர்களைப் போல. கதை அலசுவோர் பெரும்பாலும் ஜாக்கியையும் ஜேடையும் மாமாவையும்தான் பேசுவார்கள். தொடரின் உண்மையான பலம் அதன் வில்லன்களிடம், அதிலும் முதல் இரண்டு பருவங்களின் வில்லன்களிடம் இருந்தது என்பது என் கருத்து.

பொருளியல் பாடத்தில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஒருவர் தம் வேலையை மற்றொருவரிடம் ஒப்படைக்கிறார். இருவருடைய நலனும் ஒன்றன்று. ஒருவரை ஒருவர் முழுமையாகக் கண்காணிக்கவும் முடியாது. முதல்வர்-முகவர் சிக்கல் என்று இதைச் சொல்வோம். நிலச்சுவான்தாருக்கும் குத்தகைதாரருக்கும், பங்குதாரருக்கும் மேலாளருக்கும் இடையில் இருப்பது இதுவே. இத்தொடரின் முதல் பருவம் முழுவதும் இந்தச் சிக்கலின் மீது கட்டப்பட்டிருக்கிறது. ஷெண்டு என்ற நெருப்பு அரக்கன் பல நூற்றாண்டுகளாகச் சிலையாக முடக்கப்பட்டுக் கிடக்கிறான். அவனுடைய ஆற்றல் 12 தாயத்துகளாகப் பிரிந்து உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. சிலையால் நடக்க முடியாது. ஆகவே, ஆள் வேண்டும். 'டார்க் ஹேண்ட்' என்ற குற்றக் கும்பலின் தலைவன் வால்மாண்டை அமர்த்துகிறான். கூலியாக மறைந்த புதையல் ஒன்றைத் தருவதாக வாக்களிக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, வால்மாண்டுக்கு உலகை அழிக்கும் எண்ணமே கிடையாது என்பதுதான். அவன் நல்ல உடை உடுத்திய வணிகன். செலவையும் வரவையும் பார்ப்பவன். தாயத்துகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, கூலி எப்போது என்று கேட்பவன். ஷெண்டுவோ எல்லாத் தாயத்துகளும் சேர்ந்த பிறகே கொடுப்பேன் என்கிறான். வேலை முடிந்த பின்பு கூலி கொடுக்க வேண்டிய தேவை அரக்கனுக்கு என்ன இருக்கிறது? அவனை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது? நம்பகத்தன்மையற்ற வாக்குறுதி என்று நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்குவதை, இத்தொடர் பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு சொல்லும் விளக்காமல் புரியவைத்துவிடுகிறது. பருவத்தின் முடிவில் ஷெண்டு உருப்பெற்று எழுந்ததும் வால்மாண்டை ஏமாற்றும்போது எந்தக் குழந்தையும் வியப்பதில்லை. வால்மாண்டுக்காகச் சிறிது இரக்கம் மட்டும் எழுகிறது. வில்லனுக்காக இரங்கும் அந்தக் கணத்தில் எழுத்து வென்றுவிடுகிறது.

இரண்டாம் பருவம் இதைவிட நயமானது. அழிந்துபோன ஷெண்டுவின் ஆவி பாதாள உலகில் தன் உடன்பிறப்புகளான ஏழு அரக்கர்களிடம் அகப்படுகிறது. தனக்கு விடுதலை கிடைத்ததும் எங்களை ஏன் மறந்தாய் என்று அவர்கள் வழக்குத் தொடுக்கிறார்கள். தண்டனையாக, அவர்கள் ஒவ்வொருவருக்கும் வாயில் திறந்துவிட அவன் பூமிக்கு அனுப்பப்படுகிறான். ஜாக்கியின் உடலில் புக வந்தவன் தவறிப்போய் வால்மாண்டின் உடலில் புகுந்துவிடுகிறான். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே உடலுக்குள்! ஒரே வாயால் இருவரும் சண்டை பிடிக்கிறார்கள். வால்மாண்டு பழைய பாக்கியைக் கேட்கிறான். தன் உடலுக்கு வாடகையாகப் பொன் வேண்டும் என்கிறான். கடன் கொடுத்தவன் வீட்டில் கடன்காரன் குடியேறியது போன்ற இந்த ஏற்பாட்டைவிடச் சுவையான வில்லன் அமைப்பை நான் வேறு தொடர்களில் அதிகம் கண்டதில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அரக்கன் கொடியவன்தான்; ஆனால், அவனும் ஒரு குடும்பத்துக்கு அஞ்சி நடக்கிறான். அவனுக்கும் மேலே ஒரு கட்டாயம் இருக்கிறது.

டோரு என்ற பேருருவ அடியாளையும் குறிப்பிட வேண்டும். முதலில் அவன் வால்மாண்டின் கைத்தடி. சுவரை இடிப்பதும் ஆளைத் தூக்கி எறிவதும் அவன் தொழில். முதல் பருவம் முடியும் தறுவாயில் அணி மாறுகிறான். பின்னர் மாமாவின் மந்திரச் சீடனாக, தேநீர் கலந்து கொடுத்துக்கொண்டு திட்டு வாங்குபவனாக ஆகிவிடுகிறான். இந்த மாற்றத்துக்காக அவனுக்கு ஞானோதயம் எதையும் கதாசிரியர்கள் தரவில்லை. பழைய முதலாளி அவனைக் கருவியாக மட்டும் நடத்தினான். இங்கே ஒரு குடும்பம் கிடைத்தது. அவ்வளவுதான். கூலிக்கு அடிப்பவன் பிறவியிலேயே கொடியவன் என்று எண்ணிக்கொண்டிருந்த குழந்தைக்கு டோரு ஒரு நல்ல திருத்தம்.

பிந்தைய பருவங்கள் இந்த உயரத்தை எட்டவில்லை. மூன்றாம் பருவத்தின் தாவோலான் வாங் ஆற்றல் வேண்டும் என்கிறான். எதற்கு என்று கேட்டால் மேலும் ஆற்றல் பெறுவதற்கு. நான்காம் பருவத்தின் தாராகுடோவும் அவனுடைய ஒன்பது முகமூடிகளும் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. ஐந்தாம் பருவத்தில் ஷெண்டுவின் மகன் டிராகோ வருகிறான். தந்தையை வெறுக்கும் மகன் என்ற நல்ல வித்து இருந்தும் அது சரியாக முளைக்கவில்லை. வில்லனின் தேவை எது, அதற்கு அவன் என்ன விலை கொடுக்கச் சித்தமாக இருக்கிறான், எந்த விலையைக் கொடுக்க மாட்டான் என்ற மூன்றும் தெளிவாக இருந்தவரை இத்தொடர் சிறந்திருந்தது. அவை மங்கியதும் சண்டைக் காட்சிகள் மட்டும் மிஞ்சின.

இது ஒரு தொடருக்கு மட்டும் உரிய கதையன்று. 1992இல் தொடங்கிய பேட்மேன் அசைவூட்டத் தொடரில் மிஸ்டர் ஃபிரீஸ் என்ற பாத்திரம் உண்டு. அதுவரை படக்கதைகளில் பனித்துப்பாக்கி ஏந்திய வேடிக்கை மனிதனாகவே அவன் இருந்தான். எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நோய்வாய்ப்பட்ட மனைவி ஒருத்தியைக் கொடுத்தார். அவளைக் காக்க உறைநிலையில் வைத்து மருந்து தேடிய விஞ்ஞானியின் ஆய்வை அவனுடைய நிறுவனத் தலைவர் இடையில் நிறுத்திவிடுகிறார். துப்பாக்கியும் உடையும் மாறவில்லை. காரணம் ஒன்று சேர்ந்தது. அந்த ஒரு பகுதி எம்மி விருது பெற்றது. 2021இல் வெளியான 'ஆர்கேன்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் வில்லன் சில்கோ, செல்வர்களின் மேல்நகரத்தால் ஒடுக்கப்பட்ட கீழ்நகரத்துக்குத் தன்னாட்சி வேண்டி வாழ்நாள் முழுவதும் போராடியவன். அதற்காகத் தன் மக்களையே போதை மருந்துக்கு அடிமையாக்கியவனும் அவனே. இறுதியில் தன்னாட்சி கைக்கெட்டும் தொலைவில் வருகிறது. விலை, அவன் மகளாக வளர்த்த பெண்ணை ஒப்படைப்பது. அவன் மறுக்கிறான். அந்த மறுப்பின் வழியாகத்தான் அவனை நாம் முழுமையாக அறிகிறோம்.

இவையெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த உத்திகள் என்று யாரேனும் கருதினால், அவர்கள் வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளைப் பார்த்ததில்லை என்று பொருள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் கிடத்தப்பட்டிருக்கும். வீமன் அவன் தொடையைப் பிளந்து முடித்ததும், கூத்தில் அவன் மனைவி வந்து அழுகிறாள். பதினெட்டு நாள் போரை வீமனின் பக்கமிருந்து பார்த்த ஊர், இப்போது விதவையின் ஒப்பாரியைக் கேட்டுக் கண்கலங்குகிறது. பின்னர் அந்த உருவத்தின் மண்ணை எடுத்துச் சென்று வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கம்பனின் கும்பகருணன் அண்ணன் செய்தது தவறு என்று சபையிலேயே சொல்கிறான். வீடணன் வந்து அழைத்தபோது, தன்னை வளர்த்தவனுக்காக உயிர் கொடுப்பேன் என்று மறுத்துப் போர்க்களம் புகுகிறான். சில்கோவின் மறுப்புக்கு மூத்த மறுப்பு அது. வில்லனை எழுதும் கலையில் நாம் எவரிடமும் மாணவராக வேண்டிய நிலையில் இருந்ததில்லை.

கொல்லிமலைக்குத் திரும்புவோம். சுட்டி டிவியில் ஷெண்டுவைக் கண்ட நாமக்கல் பிள்ளைகளுக்கு, தங்கள் மலையிலேயே ஒரு சிலை உண்டு என்பது எந்த அளவுக்குத் தோன்றியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கொல்லிப்பாவை. தெய்வம் அமைத்த பாவை என்றும், பூதம் புனைந்தது என்றும் நற்றிணைப் பாடல்கள் அதைக் குறிக்கின்றன. காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகு குன்றாதது என்று ஒரு பாடலில் பரணர் சொல்கிறார். சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு அதை உவமையாக்கினார்கள். கண்டாரை வருத்தும் அழகு என்ற பொருளில். அவுணரின் வரவை உணர்ந்து, சிரித்து மயக்கிக் கொல்லும் பொறி என்பது பிற்காலத்தில் பரவிய வழக்கு. அங்கே சிலைக்குள் அடைபட்டிருப்பவன் அரக்கன். இங்கே சிலையே அரக்கரைக் கொல்கிறது. அழகும் அச்சமும் ஒரே கல்லில். இதைவிட நல்ல கதைக்கரு ஓர் அசைவூட்டக் கலைஞனுக்கு எங்கே கிடைக்கும்?

ஆனால், கொல்லிமலையின் ஆழமான கதை பாவையினுடையதன்று. ஓரியும் காரியும் மோதியது. அந்தக் கதையில் வில்லன் இல்லை என்பதே அதன் சிறப்பு. (தமிழ் இலக்கணப்படி 'வில்லன்' என்றால் வில்லை உடையவன் என்றே பொருள் கொள்ளலாம், அப்படிப் பார்த்தால் கொல்லிமலையின் ஒரே வில்லன் ஓரிதான்.)

சான்றுகளைப் பார்ப்போம். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. ஓரி இறந்தபின் அவனுடைய தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் உவமையாக்குகிறார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த வேட்டுவனாக ஓரியை வன்பரணர் புறநானூற்றில் காட்டுகிறார். இவ்வளவும் ஓரியின் பக்கம்தான் சாய்வது போலிருக்கிறது. இனி மறுபக்கம். காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. சிறுபாணாற்றுப்படை எழுவரையும் வரிசைப்படுத்தும்போது, காரியைப் புகழ்ந்துவிட்டு, ஓரியைக் குறிப்பிடுகையில் காரியோடு பொருதவன் என்றே அடையாளம் காட்டுகிறது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பட்டியலில், ஒரே புகழோடு நிற்கிறார்கள். இருவருடைய குதிரைகளுக்கும் அவரவர் பெயரே. ஒரே அச்சில் வார்த்த இருவர் போல.

காரியின் நோக்கம் என்ன? புறநானூற்றில் கபிலர் அவனைப் பாடிய பாடல் ஒன்று, பொருளியல் படித்தவனுக்குப் பெரும் விருந்து. முடியுடை மூவேந்தருள் ஒவ்வொருவரும், எனக்குத் துணையாக வா என்று வேண்டிப் புகழ்ந்து கொண்டுவந்து தரும் பொருளே காரியின் வருவாய் என்கிறது அப்பாடல். அவன் நாட்டை அந்தணர்க்கு அளித்துவிட்டான். தனக்கென்று அவன் உரிமை பாராட்டுவது மனைவியின் தோள்கள் மட்டுமே. அதாவது, தன் போர்த்திறனை மூவேந்தருக்கும் தேவைப்படும் சேவையாக வைத்திருந்த சிற்றரசன் அவன். சேரனுக்குக் கொல்லி தேவைப்பட்டது. காரியிடம் அதை வெல்லும் வாள் இருந்தது. வந்த வருவாயைப் பாணருக்கும் புலவருக்கும் வாரி வழங்கினான். புலவர்கள் நன்றியோடு பாடினார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. வள்ளன்மை என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் ஒரு நிதியாதாரம் இருந்தாக வேண்டும். பரிசில் கொடுக்கக் குதிரையும் பொன்னும் வேண்டும். அவற்றின் ஒரு பகுதி போரிலிருந்து வந்தது. காரியின் கொடைக்கும் ஓரியின் சாவுக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓரி மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றவனல்லன். அவனும் படை வைத்திருந்த வேந்தனே. காரியின் கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி அழித்தான். அந்த அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அதியமானும் எழுவருள் ஒருவன். இந்தச் சுழலில் வில்லனைத் தேடுபவர், எந்த ஊரில் நின்றுகொண்டு தேடுகிறார் என்பதைப் பொறுத்தே விடை பெறுவார். செம்மேட்டில் நின்றால் காரி. திருக்கோவலூரில் நின்றால் அதியமான். தருமபுரியில் நின்றால் சேரன்.

இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி என்று தள்ளிவிட முடியாத நிலை இன்று வந்திருக்கிறது. சங்க மன்னர்களுக்குச் சாதிப் பெயர் சூட்டிச் சுவரொட்டி ஒட்டும் பழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு மன்னனை நம்மவன் என்று உரிமை கொண்டாடும் கூட்டம், அவனைக் கொன்றவனை அவர்களுடையவன் என்று மற்றொரு கூட்டத்தின் தலையில் கட்ட அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. நாளை ஓர் ஓடிடி தளத்துக்காகவோ யூடியூப் அலைவரிசைக்காகவோ ஓரியின் கதையை யாரேனும் அசைவூட்டத் தொடராக எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரிக்குச் சிவந்த கண்ணும் கோரச் சிரிப்பும் கொடுப்பது மிக எளிது, பார்வையாளரும் கூடுவர். அந்தச் சிரிப்பு ஏதோ ஒரு வகுப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டால், மலையடிவாரப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்தாம் அதன் விலையைக் கொடுப்பார்கள்.

ஜாக்கி சான் தொடரில் புலித் தாயத்து என்று ஒன்று வரும். அது சமநிலைக்கு உரியது. அது இரண்டாக உடையும்போது ஜாக்கியும் இரு ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார். ஒருவர் முழு நல்லவர், மற்றவர் முழுத் தன்னலக்காரர். நல்ல பாதியும் தனித்து நின்று ஒரு வேலையையும் உருப்படியாக முடிக்க முடிவதில்லை. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்த பகுதி அது. நம் வரலாற்றுக் கதைகளைப் படமாக்குவோர் பலர் புலித் தாயத்தை உடைத்துவிட்டே வேலையைத் தொடங்குகிறார்கள். நன்மை முழுவதையும் ஒருவன் பக்கமும், தீமை முழுவதையும் எதிரி பக்கமும் கொட்டிவிடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனுக்கு இதனால் பெருமை கூடுவதில்லை. வெறும் கொடியவனிடம் தோற்ற ஓரியைவிட, தன்னைப் போன்ற மற்றொரு வள்ளலிடம் தோற்ற ஓரியே பெரியவன்.

நம்மிடம் ஆற்றல் இல்லாமலில்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் உள்ள அசைவூட்ட நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்குக் கூலிக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கதை அவர்களுடையது, கை நம்முடையது. 2008இல் தொடங்கிய 'சோட்டா பீம்' இந்தியக் கதையும் விற்கும் என்பதை மெய்ப்பித்தது. ஆனால், அதன் எதிரிகள் லட்டு திருடும் அளவிலும் மாயம் செய்யும் அளவிலும் நின்றுவிட்டார்கள். மிகச் சிறு பிள்ளைகளுக்கு அது போதும். பத்து வயதைக் கடந்தவர்களுக்கு நாம் இன்னும் ஒன்றும் எழுதித் தரவில்லை. வரைகலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கதாசிரியருக்குக் கொடுக்கும் மனம் தயாரிப்பாளர்களுக்கு வந்தால் இது நடக்கும். சங்கப் பாடல்களைப் படித்த ஒருவரை எழுத்தறையில் அமர்த்துவதற்கு ஆகும் செலவு, ஒரு சண்டைக் காட்சிக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்காகவே இருக்கும்.

அப்படி ஒருவர் எழுத அமர்ந்தால், போர்க்களத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். கபிலர் காட்டிய அந்தத் தெருவிலிருந்து தொடங்கட்டும். ஓரி இறந்துவிட்டான். அவனுடைய ஊரின் பெருந்தெருவில் காரி நுழைகிறான். இருபுறமும் மக்கள் கூக்குரல் எழுப்புகிறார்கள். இந்த மலை அவனுக்கு நிலைக்கப் போவதில்லை. சேரனிடம் ஒப்படைத்துவிட்டு அவன் முள்ளூர் மலைக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவனுடைய வாயிலில் யாழோடு ஒரு பாணர் கூட்டம் பரிசிலுக்குக் காத்திருக்கிறது. அவர்களுள் சிலர் முன்பு ஓரியிடமும் பரிசில் பெற்றவர்கள்.